ஒன்பதாம் மண்டலத்தின் மக்கள்தொகை

பொய் சொல்கிறவனை மடக்க இரண்டு வழி உண்டு. பொய்யைக் கண்டுபிடிப்பது ஒன்று. அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடுவது இன்னொன்று. கணினி விளையாட்டு விற்கும் கம்பெனிகள் இருபது வருடம் முதல் வழியில் முட்டி மோதிவிட்டு, கடைசியில் இரண்டாவதற்கு வந்து சேர்ந்தன.

ஒரே விளையாட்டை உலகம் முழுக்க ஒரே விலைக்கு அவர்கள் விற்பதில்லை. உலகத்தை ஒன்பது மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு விலை வைத்திருந்தார்கள். பணம் கட்டினால் இருபத்தைந்து எழுத்தில் ஒரு சாவி வரும். அதைத் தட்டினால் விளையாட்டு திறக்கும். மலிவான மண்டலத்தில் வாங்கிய சாவி வேறு மண்டலத்தில் திறக்காது. கல்லூரி விடுதி என்று ஒன்று உலகத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்திருக்கும். பையன்கள் தங்கள் கணினியை ஏதோ ஒரு மலிவான தேசத்தில் இருப்பதாகச் சொல்லவைத்து, நாலில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி விளையாடினார்கள்.

அப்போதுதான் ‘வாயில்’ என்ற நிரல் வந்தது. அது யாரையும் பிடிக்கவில்லை. நீ நாலாம் மண்டலத்துக்காரன் என்கிறாயா, சரி, கட்டைவிரலை வை என்றது. வைத்ததும் அந்த விரலுக்கு உரியவனை நாலாம் மண்டலத்துக்காரனாகப் பதிந்துகொண்டது. யாராலும் ஏமாற்ற முடியாத நிரல் என்று பெயர் வாங்கியதால் வங்கிகளும், ரயிலும், மருந்துக் கடைகளும், தேர்வுத் துறையும் ஒவ்வொன்றாக அதையே வாடகைக்கு எடுத்தன. விளையாட்டில் ஓர் ஊர், ரேஷன் கடையில் இன்னோர் ஊர் என்று ஒருவன் இருப்பது ஒழுங்கீனம் என்பதால், அந்த வருட ஆகஸ்டில் எல்லாப் பதிவையும் ஒன்றாக்கினார்கள். அதற்கான அறிவிப்பு அறுபத்தோரு பக்கம். கடைசியில் ‘சம்மதம்’ என்று ஒரு பொத்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் முப்பத்துநான்கு பேர் அந்தப் பொத்தானை அமுக்கினார்கள். படித்தவன் ஒருவனும் இல்லை. அத்தனை பேரும் மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல்.

அவர்களில் ஒருவன் இசக்கிராஜ். சாத்தூர்க்காரன். விடுதியில் சீட்டு எழுதுவது அவன் வேலை.

அந்த விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. புது விளையாட்டு வந்தால் பத்துப் பேர் சேர்ந்து பணம் போட்டுச் சாவி வாங்குவார்கள். யார் விரலில் திறப்பது என்பதற்குத் திருவுளச்சீட்டு. பத்துப் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி, சாப்பாட்டுத் தட்டில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுப்பது. பெயர் விழுந்தவனுக்கு அந்த வருடம் முழுக்க ‘மாப்பிள்ளை’ என்று பட்டம். பழைய வயரை மாலையாகப் போட்டு ஊர்வலம் விடுவார்கள். பட்டத்தோடு ஒரு தொல்லையும் உண்டு. விளையாட்டைத் திறக்கும்போதெல்லாம் மாப்பிள்ளையின் விரல் வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு வந்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ‘எரிகோட்டை’யின் ஆறாம் பாகம் வந்தது. சாவி பிடித்துக்கொண்டு வந்தவன் சொர்ணராஜ். ஒன்பதாம் மண்டலத்தில் அதன் விலை ஒரு ரூபாய் என்றான். யாரும் நம்பவில்லை. அவன் திரையைக் காட்டினான். ஒரு ரூபாய்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ரூபாயிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பத்துச் சாவி வாங்கினார்கள். ஒன்று போதும். மிச்சம் ஒன்பதும் சும்மா.

அதற்கு இரண்டு நாள் முன்னால் இசக்கிராஜின் வீட்டிலிருந்து ஒரு கிலோ காராச்சேவு வந்திருந்தது. அவன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் அறைத்தோழன் பெனடிக்ட் அதைத் தனி ஆளாகத் தின்று முடித்து, பொட்டலத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மணப்பாட்டுக்காரன். கடற்கரைப் பசி. இசக்கிராஜ் காலிப் பொட்டலத்தை உருவிக் குப்பையில் போட்டதோடு விட்டான். சீட்டு எழுதுகிற அன்று மட்டும் பத்துக் காகிதத்திலும் ‘பெனடிக்ட்’ என்று எழுதினான்.

பெனடிக்ட் பெயர் விழுந்தது. மாலை போட்டார்கள். அவன் விரலை வைத்தான். ‘ஒன்பதாம் மண்டலத்துக்கு நல்வரவு’ என்று திரையில் வந்தது. பையன்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை உணவுக்கூடத்து வாசலில் விரல் வைத்தபோது கதவு திறக்கவில்லை. ‘இச்சேவை தங்கள் மண்டலத்தில் கிடைப்பதில்லை’ என்றது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உணவுக்கூட மேலாளர் பரமசிவம் கதவைக் கையால் திறந்து உள்ளே விட்டார். பொங்கல் தீர்வதற்குள் அந்தச் சிரிப்பு முடிந்துவிட்டது. கழிப்பறைக் கதவு திறக்கவில்லை. பேருந்து ஏற்றவில்லை. வகுப்பில் அவனுக்கு வருகைப்பதிவு விழவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தால் மணி அடிக்காமலே அணைந்தது. இசக்கிராஜின் போனை வாங்கிப் பேசினால், அவன் குரலைக் கேட்ட இரண்டாம் நொடியில் அதுவும் அணைந்தது. வாயிலுக்குக் குரலும் தெரியும்.

விளையாட்டு மட்டும் ஒழுங்காக ஓடியது.

சொர்ணராஜ் உதவி எண்ணைப் பிடித்தான். மிக மரியாதையான ஒரு குரல் எல்லாவற்றையும் விளக்கியது. மண்டலம் மாற விண்ணப்பிக்கலாம். தாராளமாக விண்ணப்பிக்கலாம். சொந்த மண்டலத்துக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே, அதே மண்டலத்தில் வசிக்கிற, விண்ணப்பதாரரை நேரில் அறிந்த ஒருவரின் விரல் சாட்சியாக வேண்டும்.

“அந்த மண்டலம் எங்கதாம்ல இருக்கு?” என்றான் பெனடிக்ட்.

சொர்ணராஜ் கணினியைத் திருப்பிக் காட்டினான். நீலம். நீலத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. புள்ளியைப் பெரிதாக்கினால் அதுவும் நீலமாகத்தான் இருந்தது.

“தீவா இருந்திருக்கு. அறுநூறு பேரு. ஆறு வருசத்துக்கு முன்னால தண்ணி ஏறி எல்லாரையும் கெளப்பிட்டாங்க. வேற மண்டலத்துல சேத்துட்டாங்க.”

“ஆளே இல்லாத ஊருல எதுக்குக் கட திறந்து வச்சிருக்கானுவ?”

“மூட மறந்துட்டானுவ. மண்டலத்துக்கு இவ்வளவு வசூல்னு ஒரு தொகை வச்சிருக்கானுவ. இதுக்கு நாப்பத்தெட்டாயிரம். அதைத் தலைக்கு வகுத்தா சாவி வெலை. அறுநூறு பேரு இருந்தப்ப எம்பது ரூவா. ஆளே இல்லாமப் போனதும் பூஜ்யத்தால வகுக்க முடியல. அது கையை விரிச்சு ஒரு ரூவான்னு போட்டுட்டு.”

பெனடிக்ட் புள்ளியை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தான். “அப்ப எனக்கு நானே சாட்சி போட்டுக்கலாமான்னு கேளு” என்றான்.

கேட்டார்கள். அந்த மரியாதையான குரல் வருத்தம் தெரிவித்தது.

செப்டம்பர் ஒன்றாம் தேதி விலைப்பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. மாதத்துக்கு ஒரு முறை, ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் புதுப்பிப்பார்கள். ஒன்பதாம் மண்டலத்தில் எரிகோட்டையின் விலை நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். வகுக்க ஓர் ஆள் வந்துவிட்டான்.

இசக்கிராஜ் ஓடாத இடமில்லை. கல்லூரி முதல்வர், பட்டியலில் இல்லாத மாணவனைப் பற்றித் தாம் பேசுவது முறையாகாது என்றார். கலெக்டர் ஆபீஸ் வாசல் பெனடிக்டை உள்ளே விடவில்லை. மனுவை இசக்கிராஜ் கொண்டுபோனால் பாதிக்கப்பட்டவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். தூத்துக்குடியில் ஒரு வக்கீல் அக்கறையோடு கேட்டுக்கொண்டார். வக்காலத்தில் விரல் வைக்கச் சொன்னார். இயந்திரம் சொன்ன பதிலைப் படித்துவிட்டு, கேஸ் கட்டிலிருந்து அந்தத் தாளை உருவி மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு வாசலிலிருந்தும் திரும்பும்போது, சீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இசக்கிராஜ் நினைப்பான். சொன்னால் என்ன ஆகும்? கதவு திறக்குமா? திறக்காது. அதனால் சொல்லவில்லை. இந்தக் காரணம் தனக்கு மிகவும் வசதியாக இருப்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் வெள்ளை வேன் வந்தது. பக்கவாட்டில் ‘தாயகம் திரும்புவோர் நலத் திட்டம்’ என்று பச்சை எழுத்து. இறங்கியவள் நாற்பது வயதுப் பெண்மணி, பருத்திச் சேலை, கையில் தட்டைக் கணினி. விடுதிப் பையன்கள் வேனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவள் கோபப்படவில்லை. எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

இசக்கிராஜ்தான் கேட்டான். “அங்க நெலமே இல்லையே மேடம். எங்க கொண்டுபோய் விடுவீங்க?”

“கப்பல் நிக்குது தம்பி. மண்டல எல்லைக்குள்ளதான் நிக்குது. சாப்பாடு, கட்டில், எல்லாம் உண்டு.”

“அவன் மணப்பாட்டுக்காரன் மேடம். இங்கேர்ந்து ரெண்டு மணி நேரம்.”

அவள் தட்டைக் கணினியை அவன் பக்கம் திருப்பினாள். பெனடிக்டின் படம். கீழே மண்டலம் ஒன்பது. அதற்கும் கீழே அவன் விரல் ரேகை, அவன் தந்த சம்மதம், தேதி, நேரம். “நாங்க யாரையும் ஊரை விட்டு அனுப்புறதில்ல தம்பி. அவங்கவங்க சொன்ன ஊருக்குத்தான் கொண்டு விடுறோம்.”

பெனடிக்ட் ஒரு பையோடு இறங்கி வந்தான். அம்மாவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி இசக்கிராஜிடம் கொடுத்தான். “கடல்தானல. நமக்கென்ன புதுசா” என்றான். பிறகு ஏதோ நினைவு வந்தவன்போல மறுபடி மாடிக்கு ஏறிப்போய், பொதுக் கணினியில் கட்டைவிரலை வைத்து விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தான்.

“தொறந்து வச்சிருக்கேன். அணைக்காம ஆடுங்க.”

வேன் கதவு மூடும்முன் இசக்கிராஜைக் கிட்டே கூப்பிட்டான். “காராச்சேவு நல்லாத்தாம்ல இருந்துச்சு” என்றான். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. பத்துச் சீட்டையும் அவன் எங்கே எப்போது பிரித்துப் பார்த்தான் என்பது இசக்கிராஜுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் கணினியை யாரும் அணைக்கவில்லை. விளையாடவும் இல்லை. திரையில் கோட்டை எரிந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் மத்தியானம் மின்வெட்டு. கரண்ட் வந்ததும் திரை விரல் கேட்டது.

செப்டம்பர் கடைசியில் பெனடிக்டின் அம்மா சந்தனமேரி, மகனுடைய பெட்டியை எடுத்துப்போக வந்தார். கட்டிலில் உட்கார்ந்து மகனின் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். நடந்ததை எல்லாரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இத்தன பேருல எம்மவன் பேரு எப்பிடிய்யா வந்துச்சு?”

“சீட்டுல விழுந்துச்சும்மா” என்றான் இசக்கிராஜ்.

அவர் கை நின்றது. “சீட்டுல விழுந்ததுன்னா அது மாதாவா எடுத்துக் குடுத்தது. அப்ப ஏதோ ஒரு காரணம் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார். அவர் முகம் தெளிந்திருந்தது. இசக்கிராஜ் அந்தத் தெளிவைப் பார்க்க முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான்.

அந்தக் கப்பலிலிருந்து கடிதம் வராது, போன் வராது. மண்டலம் விட்டு மண்டலம் பேச இருபுறமும் பதிவு செய்த முகவரி வேண்டும். தண்ணீருக்கு முகவரி கிடையாது. ஆனால் விலைப்பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அக்டோபர் ஒன்றாம் தேதி இசக்கிராஜ் பார்த்தான். நாற்பத்தெட்டாயிரம். உடனே மணப்பாட்டுக்குப் போன் போட்டு, பெனடிக்ட் நன்றாக இருக்கிறான் என்று சொன்னான். எப்படித் தெரியும் என்று சந்தனமேரி கேட்டார். வகுத்தல் கணக்கை விளக்கினான். ஆள் இருந்தால் நாற்பத்தெட்டாயிரம். இல்லையென்றால் ஒரு ரூபாய்.

சந்தனமேரி மீன் ஏலத்தில் நிற்கிறவர். விலையை வைத்துக் கடலுக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது அவருக்குப் பழக்கம். ஒருமுறை சொன்னதிலேயே பிடித்துக்கொண்டார். நவம்பரில், “இந்த மாசம் வெலை என்னய்யா?” என்று அவரே கூப்பிட்டார். பொங்கலுக்குள் மகளின் போனில் பட்டியலைத் தானே திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஒன்பது மணிக்கு அவர் குரல்தான் முந்திக்கொண்டு வரும்.

“நாப்பத்தெட்டுத்தான்யா. இருக்கான்.”

உலகத்தில் விலை குறையக் கூடாது என்று பூசை கேட்ட ஒரே தாய் அவர்தான். மணப்பாட்டுக் கோயிலில் மாதம் ஒரு பூசை, அதற்காகவே.

ஏப்ரல் ஒன்றாம் தேதியும் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை. “ஒத்தைல இருக்கான்யா. வீட்டுல கூடப் படுக்க ஆளு வேணும்பான். அங்க பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளு இருந்தா போதும். மாதாகிட்ட இப்ப அதைத்தான் கேக்கேன்.”

அதைக் கேட்ட பிறகுதான் இசக்கிராஜ், எட்டு மாதமாகத் தன் கண்முன்னாலேயே கிடந்த ஒன்றைப் பார்த்தான். சாட்சிக்கு அதே மண்டலத்துக்காரன் ஒருவன் வேண்டும். பெனடிக்டை நேரில் அறிந்தவனாக இருக்க வேண்டும். மண்டலத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவனுக்கொருவன் விரல் வைத்து இரண்டு பேரும் திரும்பிவிடலாம். மிச்சச் சாவி ஒன்பதும் அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தபடி அப்படியே இருந்தன.

சொர்ணராஜிடம் மட்டும் சொன்னான். சொர்ணராஜ் நோட்டை வாங்கி ஒன்பது சாவியையும் எண்ணினான். பிறகு, மே ஒன்றாம் தேதி விலை இருபத்துநாலாயிரமாகப் பாதியாகும், அதைப் பெனடிக்டும் அங்கே பார்ப்பான் இல்லையா என்றான்.

“பாப்பான். ஆளு வருதுன்னு அவனுக்குத் தெரியும்.”

“அவன் அம்மாகிட்ட?”

“பாதியாயிட்டுன்னு பயந்துரும். நீ அன்னைக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிரு. சீட்டையும் சேத்துச் சொல்லு.”

“என்ன சீட்டு?” என்றான் சொர்ணராஜ்.

இசக்கிராஜ் சொன்னான். சொர்ணராஜ் அவனை அடிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். அடித்திருக்கலாம் என்று இசக்கிராஜுக்குத் தோன்றியது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை வகுப்புக்கு எல்லாரும் போன பிறகு, இசக்கிராஜ் பத்துத் துண்டுக் காகிதத்தில் தன் பெயரை எழுதினான். சுருட்டித் தட்டில் போட்டுக் குலுக்கினான். ஒன்றை எடுத்துப் பிரித்தான். பிறகு விரலை வைத்தான். ஒன்பதாம் மண்டலம் அவனை வரவேற்றது. கைதட்ட யாரும் இல்லை.

அதன்பின் எல்லாம் அவன் பார்த்த வரிசைப்படியே நடந்தன. பரமசிவம் கதவைக் கையால் திறந்துவிட்டார். இந்த முறை பின்னால் நின்ற யாரும் சிரிக்கவில்லை. சாத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து அழுதார்கள். ஒரு மாதத்தில் பெனடிக்டோடு திரும்பிவிடுவேன் என்று அவன் ஆணையிட்டுச் சொன்னான். அவர்கள் கொண்டுவந்த காராச்சேவு இரண்டு கிலோ. பொட்டலத்தைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டான்.

மே ஒன்றாம் தேதி காலை எட்டரைக்கு வேன் வந்தது. அதே பெண்மணி. அவனை அடையாளம் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். சொர்ணராஜ் போனைக் கையில் பிடித்தபடி வேன் பக்கத்தில் நின்றான். ஒன்பது மணிக்குப் பட்டியல் வந்ததும் மணப்பாட்டுக்குப் பேச வேண்டும்.

வேன் கிளம்பி நெடுஞ்சாலையில் ஏறியது. எட்டயபுரம் பிரிவு தாண்டும்போது இசக்கிராஜ் கேட்டான். “கப்பல்ல ஒரு பையன் இருக்கானே மேடம், செப்டம்பர்ல நீங்க கூட்டிட்டுப் போனீங்க. அவன் எப்படி இருக்கான்?”

“துறைமுகம் வரைதான் தம்பி எங்க வேலை” என்றாள் அவள். “அங்க இருந்து படகுக்காரங்க. அவங்களும் எல்லை வரைதான்.”

“எல்லைக்கு அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கத்துக்கு ஆள் போடணும்னா அவங்க அந்த மண்டலத்துக்காரங்களா இருக்கணும் இல்லையா” என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மணி ஒன்பது. இசக்கிராஜின் போனில் இப்போது விளையாட்டைத் தவிர எதுவும் திறக்காது. அது போதும். விலைப்பட்டியலைத் திறந்தான். கீழே தள்ளினான். மண்டலம் ஏழு, மண்டலம் எட்டு.

மண்டலம் ஒன்பது: நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.

மூடிவிட்டு மறுபடி திறந்தான். பட்டியலின் தலையில் இன்றைய தேதி இருந்தது. புதுப்பித்த நேரம் ஒன்பது மணி. அவன் விரல் வைத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. பெனடிக்ட் விரல் வைத்த இருபதாம் நாளே பட்டியலில் ஏறிவிட்டான். இரண்டு பேர் என்றால் இருபத்துநாலாயிரம். நாற்பத்தெட்டாயிரம் என்றால் ஒரே ஓர் ஆள். அந்த ஆள் வேனில் உட்கார்ந்திருக்கிறான்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் இருந்தவன், இன்று காலைக்குள் எந்தத் தேதியிலோ இல்லாமல் போயிருக்கிறான். சாட்சி இல்லாமல் யாரும் திரும்ப முடியாது.

அவன் சொர்ணராஜைக் கூப்பிட்டான். மணி அடிக்காமலே அணைந்தது. சொர்ணராஜும் பட்டியலைப் பார்த்திருப்பான்; அவனுக்கும் வகுக்கத் தெரியும். விலை பாதியாகாததால், விளக்குவதற்காக மணப்பாட்டுக்குப் போன் போட வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. போட்டாலும் என்ன சொல்வான்? இசக்கிராஜுக்கு அவனை நன்றாகத் தெரியும். சொல்ல மாட்டான்.

“என்ன தம்பி, வேர்க்குது? ஏசியைக் கூட்டவா?” என்றாள் அந்தப் பெண்மணி.

அவன் தலையசைத்தான். அவள் கூட்டினாள். வேன் தூத்துக்குடிச் சாலையில் திரும்பியது. அதே நேரம் மணப்பாட்டில் சந்தனமேரி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மகளின் போனில் பட்டியலைக் கீழே தள்ளிக் கடைசி வரிக்கு வந்திருப்பார். எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார். பிறகு, மாதாமாதம் செய்வதுபோலவே, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்லியிருப்பார்.

“நாப்பத்தெட்டுத்தான். இருக்கான்.”